வலெட்டாவில் ஒரு பகல்

மத்தியதரைக் கடலின் உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் இரவில் ஓடி விடியலில் துறை சேர்கின்றன. பயணிகளுக்குக் கரையில் கிடைப்பது ஒரு பகல். அதுவும் முழுப் பகல் அல்ல. ஏழு மணிக்குக் கப்பல் துறையை அணைந்தாலும், துறைமுக அதிகாரிகளின் ஒப்புதல் வந்து இறங்குபாலம் திறப்பதற்குள் எட்டு ஆகிவிடும். மாலை ஆறு மணிக்குப் புறப்பாடு என்று அச்சிட்டிருந்தால் ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் பேருந்துச் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாக ஊர் சுற்றப் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் அடுத்த துறைக்குத் தங்கள் செலவில் போய்க் கப்பலைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் குறுகிய பகலிலும் பாதியைச் சாலை தின்றுவிடுவது உண்டு. பயண அட்டவணையில் ரோம் என்று இருக்கும். கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபுளோரன்ஸ் என்று எழுதியிருந்தால் கப்பல் நிற்பது லிவோர்னோவில். நிலைமை இன்னும் மோசம். மால்டாவின் தலைநகரான வலெட்டா இதற்கு விலக்கு. அங்கே கப்பல் நகரத்தின் காலடியிலேயே நிற்கிறது. இறங்கியவர் பத்து நிமிடம் நடந்தால் ஊருக்குள் இருப்பார். கரை நாள் என்ற ஏற்பாடு ஏதாவது ஒரு துறையில் உருப்படியாகப் பயன்படுகிறது என்றால் அது இங்கேதான்.

சென்னையிலிருந்து போயிருந்த ஒரு தம்பதி ஓர் அக்டோபர் மாதக் கடைசியில் வலெட்டாவில் இறங்கினார்கள். கணவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளியில் வரலாற்று ஆசிரியை. பார்சிலோனாவில் ஏறி, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா என்று வந்த கப்பல் அது. மெசினாவை விட்டுக் கிளம்பிய இரவே மறுநாளைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கப்பலில் விற்ற சுற்றுலாக்களில் தீவின் பழைய தலைநகரான ம்தீனாவுக்குப் போகும் பேருந்துப் பயணம் ஒன்று இருந்தது. கணவருக்கு அதில் ஆசை. மனைவி வரைபடத்தை மேசைமேல் விரித்து, துறைமுகத்தின் எதிர்க்கரையில் இருந்த பிர்கு என்ற சிற்றூரின் மேல் விரலை வைத்தார். "என்னங்க, ரெண்டு கரையும் ஒரே கதை. ம்தீனா வேற கதை. ஒரு நாள்ல ஒரு கதைதான் முடியும்" என்பது அவர் வாதம். அது எவ்வளவு சரி என்பது மறுநாள் தெரிந்தது.

வலெட்டாவின் பெருந்துறைமுகத்துக்குள் கப்பல் நுழைவதைக் காண அதிகாலையிலேயே மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். வலப்பக்கம் புனித எல்மோ கோட்டை, இடப்பக்கம் ரிக்காசோலி கோட்டை. இரண்டுக்கும் நடுவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கட்டிய அலைதடுப்புச் சுவர்களின் இடைவெளி வழியாகக் கப்பல் உள்ளே வருகிறது. 'கிளாடியேட்டர்' படத்துக்காக ரோமாபுரியின் அரங்கை எழுப்பியது இந்த ரிக்காசோலியில்தான். உள்ளே வந்ததும் இரு பக்கமும் ஒரே தேன்நிறச் சுவர்கள். தீவு முழுதும் கிடைக்கும் குளோபிஜெரினா என்ற சுண்ணாம்புக் கல் அது. வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் மேற்பரப்பு இறுகும். கோட்டை, கோயில், வீடு, மாடிச் சுவர் எல்லாமே அதில்தான். கணவர் அதைக் கண்டவுடனே உப்புக்காற்று அரித்த இடங்களைத் தேடத் தொடங்கினார். தேடிய இடமெல்லாம் கிடைத்தன.

கப்பல் நின்ற இடத்துக்குப் பிந்தோ துறை என்று பெயர். ஒருகாலத்தில் தீவை ஆண்ட யோவான் சபையின் தலைவராக இருந்த பிந்தோ 1752இல் கட்டிய பத்தொன்பது கிடங்குகள் கரையோரம் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கதவுகளுக்கு இன்று பல நிறம் பூசியிருக்கிறார்கள்: மீனுக்கு நீலம், காய்கனிக்குப் பச்சை, கோதுமைக்கு மஞ்சள், மதுவுக்குச் சிவப்பு. உள்ளே இப்போது இருப்பவை உணவகங்களும் கடைகளும். வெளியே குதிரை வண்டிக்காரர்களும் டாக்சிக்காரர்களும் கூட்டத்தை மறித்து நிற்பார்கள். அவர்களைக் கடந்து கடலோரமாக நடந்தால் லாஸ்காரிஸ் துறையில், செங்குத்தான மதிலை ஒட்டி ஒரு மின்தூக்கி நிற்கிறது. உயரம் 58 மீட்டர், 2012இல் திறந்தது. அதே இடத்தில் 1905 முதல் ஒரு பழைய தூக்கி ஓடி, 1973இல் நின்றுபோனது. அறுபதைக் கடந்த முழங்கால்களுக்கு இது பெரிய உபகாரம். ஆங்கிலக் கவிஞர் பைரன் 1811இல் மால்டாவை விட்டுக் கிளம்பும்போது இந்த ஊரின் படிக்கட்டுத் தெருக்களைச் சபித்துக் கவிதை எழுதியிருக்கிறார். அவருக்குக் காலில் ஊனம் இருந்தது. கோபத்தில் நியாயம் உண்டு.

தூக்கி கொண்டு போய் விடும் இடம் மேல் பாரக்கா பூங்கா. கூரையில்லாத வளைவுகளின் வரிசை, சில மரங்கள், ஒரு நீரூற்று. பூங்கா என்ற அளவில் அவ்வளவுதான். ஆனால் கைப்பிடிச் சுவரருகே போய் நின்றால் துறைமுகம் முழுதும் கண்முன் விரிகிறது. எதிரே விரல்களைப் போல நீரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நிலமுனைகள் தெரியும். ஒன்று பிர்கு, மற்றது செங்லேயா. இரண்டுக்கும் பின்னால் போர்ம்லா. மூன்றையும் சேர்த்து மூன்று நகரங்கள் என்கிறார்கள். செங்லேயாவின் நுனியில் ஒரு சிறு காவல்கூண்டு இருக்கிறது. அதன் பக்கங்களில் ஒரு கண்ணையும் ஒரு காதையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பதாக.

மனைவி அந்தச் சுவரருகே வெகுநேரம் நின்றார். அவர் முதல் நாள் இரவு சொன்ன ஒரே கதை அங்கேதான் இருந்தது. யோவான் சபை என்பது எருசலேமில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கிப் பின்னர் போர்ப்படையாக மாறிய கத்தோலிக்கத் துறவிகளின் அமைப்பு. ரோட்ஸ் தீவை ஒட்டோமான்களிடம் இழந்து அலைந்துகொண்டிருந்த அவர்களுக்கு 1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். வாடகை, ஆண்டுக்கு ஒரு வல்லூறு. வந்தவர்கள் குடியேறியது எதிர்க்கரையில், பிர்குவில். இன்று வலெட்டா இருக்கும் இந்த மேடு அப்போது சிபெராஸ் என்ற வெறுங்குன்று. அவர்கள் பின்னர் கடல் முனையில் கட்டிய எல்மோ கோட்டையைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. 1565 மே மாதம் ஒட்டோமான் படை வந்தது. எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. முப்பதாயிரத்துக்குக் குறையாது என்பதே பொதுவான மதிப்பீடு. எதிர்த்து நின்றவர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர். சபை வீரர்கள் அதில் ஐந்நூற்றுச் சொச்சம். மற்றவர்களில் பெரும்பகுதி மால்டா மக்கள். வந்த படை முதலில் எல்மோவைத் தாக்கியது. சில நாட்களில் விழும் என்று நினைத்த கோட்டை ஜூன் 23 வரை தாக்குப்பிடித்தது. அதன்பின் சிபெராஸ் மேட்டில் பீரங்கிகளை ஏற்றி, கீழே நீருக்கு அப்பால் இருந்த பிர்குவையும் செங்லேயாவையும் சுட்டார்கள். தம்பதி நின்றுகொண்டிருந்தது அந்த மேட்டின்மேல்தான். எதிர்க்கரையின் கூரைகள் அங்கிருந்து எவ்வளவு திறந்து கிடக்கின்றன என்று பார்த்தாலே, முற்றுகை முடிந்த மறு ஆண்டே சபைத் தலைவர் ஜான் தெ லா வலெத் ஏன் இந்த மேட்டில் ஒரு நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்பது விளங்கிவிடும். மேட்டை இனி எதிரி பிடிக்கக் கூடாது. அதற்கு ஒரே வழி அதன்மேல் ஊர் கட்டுவது.

அடிக்கல் நாட்டியது 1566 மார்ச் 28. திட்டம் வகுத்தவர் பிரான்செஸ்கோ லாபரெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர். குன்றின் ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் நேர்கோட்டுத் தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார். கடற்காற்று ஊரெங்கும் நுழைய வேண்டும் என்பது நோக்கம். சமன்செய்யாமல் விட்ட சரிவுகளே பைரன் சபித்த படிக்கட்டுகள் ஆயின. வேலை பாதியில் இருக்கும்போது லாபரெல்லி தீவை விட்டுப் போனார். 1570இல் கிரீட்டில் கொள்ளைநோயில் இறந்தார். மிச்சத்தைக் கட்டியவர் ஜிரோலமோ கஸார் என்ற மால்டாக்காரர். நகருக்கான விதிகளில் ஒன்று பொறியாளர் கணவரின் மனத்தைக் கவர்ந்தது: மனை வாங்கியவர் ஒவ்வொருவரும் வீட்டுக்கு அடியில் மழைநீர்த் தொட்டி குடைந்தாக வேண்டும். ஆறில்லாத தீவு, முற்றுகைக்கு அஞ்சி வாழ்ந்த ஊர். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003இல். நானூறு ஆண்டு பிந்தினோம் என்று அவர் சொன்னபோது, கோயில் குளங்களை வெட்டியவர்களை மறந்துவிட்டீர்களா என்று மனைவி திருத்தினார்.

அந்தத் துறைமுகத்துக்குத் தமிழ்நாட்டோடு ஒரு சிறு தொடர்பும் இருக்கிறது. 1878இல் ரஷ்யாவோடு போர் மூளலாம் என்ற நிலையில் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ஏறத்தாழ ஏழாயிரம் இந்தியப் படையினரைச் சூயஸ் வழியாக மால்டாவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்களில் மெட்ராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியியல் படைப்பிரிவினரும் உண்டு. போர் வரவில்லை. படை சைப்ரஸுக்குப் போய், பிறகு ஊர் திரும்பியது.

பூங்காவிலிருந்து வெளியே வந்தால் நகர வாயில். அதையும் அதை ஒட்டிய நாடாளுமன்றக் கட்டடத்தையும் வடிவமைத்தவர் ரென்ஸோ பியானோ. பக்கத்திலேயே அரச ஓபரா அரங்கின் இடிபாடு: 1866இல் திறந்து, 1942 ஏப்ரலில் ஜெர்மானியக் குண்டு விழுந்து சிதைந்தது. பியானோ அதைத் திரும்பக் கட்டாமல், முறிந்த தூண்களை அப்படியே விட்டு நடுவில் திறந்தவெளி அரங்கு ஒன்றை வைத்தார். ஊர்க்காரர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கணவருக்கும் பிடிக்கவில்லை. மனைவிக்குப் பிடித்திருந்தது. போரின்போது இந்தத் தீவு பட்ட பாட்டை அந்த மொட்டைத் தூண்கள் பளிங்குப் பலகைகளைவிடத் தெளிவாகச் சொல்லுகின்றன என்பதுதான் நியாயமான தீர்ப்பு.

குடியரசுத் தெருவில் கப்பல் கூட்டம் அதற்குள் நிறைந்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள ஊர். நிலையாக வாழ்பவர்கள் ஆறாயிரம் பேர்கூட இல்லை. ஒரு பெரிய கப்பல் வந்தாலே அதில் பாதிக்கும் மேல் தெருவில் கூடிவிடும். இதிலிருந்து தப்பிக்க வழி எளிது: முதன்மைத் தெருவிலிருந்து பக்கவாட்டில் ஒரு தெரு தள்ளி நடந்தால் போதும். அங்கே வீடுகளின் முகப்பில் பச்சை, சிவப்பு, நீலம் என்று வண்ணம் பூசிய மரப்பெட்டி மாடங்கள் தொங்குகின்றன. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் யாரோ ஒரு பாட்டி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கார்கள் இடப்பக்கம் ஓடுகின்றன. முனையில் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. மின்செருகிகளுக்கு மூன்று செவ்வகத் துளைகள். 1800 முதல் 1964 வரை ஆங்கிலேயர் ஆண்ட மிச்சம். பேச்சு மட்டும் வேறு. அரபிலிருந்து கிளைத்து, இத்தாலியச் சொற்கள் ஏராளமாகக் கலந்து, இலத்தீன் எழுத்தில் எழுதப்படுவது மால்டா மொழி. கத்தோலிக்கர்கள் கடவுளை 'அல்லா' என்று கூப்பிடுவதைக் கேட்கலாம்.

புனித யோவான் பேராலயத்துக்குள் பத்து மணிக்கு முன்பே போய்விட வேண்டும். அதன்பின் வரிசை நீண்டுவிடும். கஸார் 1573க்கும் 1577க்கும் இடையே கட்டிய இந்தக் கோயில் வெளியிலிருந்து பார்க்கப் படைக்கொட்டடியாகத் தெரிகிறது. உள்ளே கால் வைத்தவுடன் கண் கூசுகிறது. சுவர் முழுதும் கல்லில் செதுக்கிப் பொன்பூசிய கொடிகளும் சிலுவைகளும். விதானத்தில் மத்தியா பிரேத்தி 1660களில் கல்லின்மேல் நேரடியாக எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய யோவானின் வாழ்க்கை. தரையில் ஏறத்தாழ நானூறு கல்லறைப் பலகைகள்: பலநிறப் பளிங்கை இழைத்து உருவாக்கிய குலச் சின்னங்கள், தேவதைகள், அரிவாளும் மணற்கடிகையும் ஏந்திய எலும்புக்கூடுகள். கூர்மையான குதிகால் செருப்புக்கு அங்கே அனுமதி இல்லை, பளிங்கு தாங்காது. இறந்தவர்மேல் நடப்பது மனைவிக்கு ஒப்பவில்லை. சிறிதுநேரம் ஓரமாகவே ஒதுங்கி நடந்து பார்த்தார். ஆனால் ஒதுங்குவதற்கு அங்கே வெற்றிடமே கிடையாது.

பேராலயத்தின் பக்கத்துச் செபக்கூடத்தில்தான் காரவாஜ்ஜோவின் ஓவியம் இருக்கிறது. திருமுழுக்கு யோவானின் தலை கொய்யப்படும் காட்சி. அகலம் ஐந்து மீட்டருக்கு மேல், உயரம் மூன்றரை மீட்டருக்கு மேல். அந்த ஓவியரின் ஆக்கங்களில் அளவில் மிகப் பெரியது அதுவே. முக்கால்வாசி இடம் இருட்டான சிறைச்சுவர். கொலையாளி வாளால் வெட்டி முடித்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தை அறுக்க இடுப்புக்குப் பின்னாலிருந்து குறுங்கத்தியை எடுக்கிறான். வலப்பக்கச் சன்னலில் இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இது.

ஓவியத்துக்குப் பின்னால் இருக்கும் செய்தி அதைவிடக் கொடியது. ரோமில் 1606இல் ஒருவரைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவர் காரவாஜ்ஜோ. மால்டாவுக்கு 1607இல் வந்தார். சபைத் தலைவர் விக்னாகூர் அவரை ஆதரித்தார். 1608 ஜூலையில் சபை வீரர் பட்டமும் கிடைத்தது. சில வாரங்களில் மீண்டும் ஒரு கைகலப்பு, சிறை. எதிர்க்கரையில் இருக்கும் புனித ஆஞ்செலோ கோட்டையிலிருந்து கயிறு கட்டி இறங்கித் தப்பினார் என்பது வரலாறு. 1608 டிசம்பர் முதல் தேதி சபை கூடி அவரைப் பட்டம் பறித்து நீக்கியது. கூடிய இடம் இதே செபக்கூடம். நீக்கியது அவர் வரைந்த இதே ஓவியத்தின் முன்னால். அதே கூடத்து ஒலி விளக்கக் கருவி இதை அரைநிமிடத்தில் சொல்லி முடித்துவிடுகிறது. கேட்டுவிட்டு ஓவியத்தை மறுபடி பார்ப்பவர்களுக்குச் சன்னல்வழி எட்டிப் பார்க்கும் அந்தக் கைதிகள் வேறு மாதிரி தெரிகிறார்கள். தம்பதி அங்கே பெஞ்சில் அமர்ந்து கிடந்த நேரத்துக்காகச் சபைத் தலைவர் மாளிகையும், 155 மீட்டர் நீளக் கூடத்தில் நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் உணவு கொடுத்த பழைய மருத்துவமனையும் பட்டியலிலிருந்து போயின. அட்டவணை போட்டு வந்த கணவர் முணுமுணுக்கவில்லை என்பது குறிப்பிட வேண்டியது.

வெள்ளித் தட்டுகள் இன்று பெரும்பாலும் இல்லை. 1798 ஜூனில் எகிப்துக்குப் போகும் வழியில் நெப்போலியன் தீவைப் பிடித்து, ஆறே நாள் தங்கி, சபையைக் கலைத்து, வெள்ளியை உருக்க அள்ளிக்கொண்டு போனார். பேராலயத்தில் ஒரு வெள்ளிக் கிராதிக்கு மட்டும் கறுப்புப் பூசி மறைத்துத் தப்பவைத்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்லுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நண்பகலில் மேல் பாரக்காவுக்குக் கீழே உள்ள பீரங்கி மேடையில் ஒரு குண்டு வெடிக்கும். மாலை நான்கு மணிக்கு இன்னொன்று. விக்டோரியா காலத்துச் சீருடை அணிந்தவர்கள் நடத்தும் சடங்கு இப்போது. முன்பு அதற்கு வேலை இருந்தது: துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தங்கள் கடிகாரத்தை அதைக் கொண்டு திருத்திக்கொள்ளும். கடிகாரம் பிசகினால் நடுக்கடலில் தீர்க்கரேகைக் கணக்கு பிசகும். கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற தம்பதிக்குப் புகை மட்டும் தெரிந்தது. சத்தத்துக்குப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின.

பகல் உணவு பஸ்திட்ஸி. அடுக்கடுக்காகப் பொரியும் மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி அல்லது மசித்த பட்டாணி வைத்துச் சுட்ட, இரு முனையும் கூரான பலகாரம். கூலித் தொழிலாளி முதல் அமைச்சர் வரை நின்றபடி தின்பது. விலை மிகக் குறைவு. பட்டாணி வைத்தது நம் ஊர் பேக்கரி பப்ஸுக்குத் தூரத்து உறவு. சைவம் உண்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பழைய முறையில் மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். பல கடைகளில் இப்போது மார்கரின்தான். மனைவி கேட்டார், கடைக்காரப் பெண் உள்ளே போய் விசாரித்து வந்து, கவலை வேண்டாம் என்று கையசைத்தார். குடிக்கக் கின்னி: 1952 முதல் அங்கே தயாராகும், கசப்பு ஆரஞ்சும் மூலிகைகளும் சேர்ந்த பானம். முதல் மிடறு கஷாயம். பாதி புட்டிக்கு மேல் பழகிவிடும். நூலகத்தின் முன்னே விக்டோரியா ராணி மால்டாப் பின்னல்துணியை மடியில் போட்டுக்கொண்டு கல்லாக அமர்ந்திருக்கிறார். அவருக்கு எதிரே நிழலில் உட்கார்ந்துதான் இருவரும் சாப்பிட்டார்கள்.

பிர்குவுக்குப் போகப் பயணியர் படகும் உண்டு, தைசா என்ற சிறு படகும் உண்டு. தைசா முன்பின் இரு முனையும் உயர்ந்து வளைந்தது. அந்தக் காலத்தில் நின்றுகொண்டே துடுப்புப் போடுவார்கள், இப்போது பின்னால் சிறு மோட்டார். அன்று ஆளுக்கு இரண்டு யூரோ. பழைய சுங்க மாளிகையின் படிகளில் ஏறிக்கொள்ளலாம். கடக்கும் நேரம் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் பார்த்த அளவுக்குத் துறைமுகத்தை அன்று வேறெங்கிருந்தும் பார்க்க முடியவில்லை. நீர்மட்டத்திலிருந்து வலெட்டாவின் மதில் எழும் உயரமும், காலையில் பத்து மாடியாகத் தெரிந்த தங்கள் கப்பல் அந்த மதிலின் முன்னே அடங்கி நிற்பதும் அங்கிருந்துதான் தெரிந்தன. 1565 ஜூனில் எல்மோ விழுந்த மறுநாள், தலையறுத்து மரச் சிலுவைகளில் கட்டிய வீரர்களின் உடல்களை முற்றுகையிட்டவர்கள் இந்த நீரில்தான் மிதக்கவிட்டார்கள். பதிலுக்கு லா வலெத் தன்னிடமிருந்த துருக்கிக் கைதிகளின் தலைகளை வெட்டிப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். வெற்றிக் கதை சொல்லும் வழிகாட்டி நூல்கள் முதல் பாதியை விரித்தும் இரண்டாம் பாதியைச் சுருக்கியும் எழுதுவது வழக்கம். வரலாற்று ஆசிரியைக்கு அந்த வழக்கம் புதிதல்ல.

1942இல் இதே நீர் இன்னொரு முற்றுகையைக் கண்டது. இத்தாலிய, ஜெர்மானிய விமானங்கள் ஓயாமல் குண்டு போட்டதில் தீவு பட்டினியின் விளிம்புக்கு வந்தது. ஏப்ரல் 15 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு முழுமைக்கும் ஜார்ஜ் சிலுவை விருதை வழங்கினார். அது இன்றும் நாட்டுக் கொடியின் மூலையில் இருக்கிறது. விருதைச் சாப்பிட முடியாது. ஆகஸ்டில் பதினான்கு சரக்குக் கப்பல்கள் அடங்கிய தொடரணி ஒன்று கிளம்பியது. வந்து சேர்ந்தவை ஐந்து. கடைசியாக வந்தது 'ஒஹையோ' என்ற எண்ணெய்க் கப்பல். மூழ்காமல் இருக்க இரு பக்கமும் போர்க்கப்பல்களைக் கட்டி ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே வந்தார்கள். சேர்ந்த நாள் ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்பு விழா. தீவுக்காரர்கள் அந்தத் தொடரணியை இன்றும் சாந்தா மரியா என்றே குறிக்கிறார்கள்.

பிர்கு வலெட்டாவுக்கு நேர்மாறு. திட்டம் கிடையாது, சந்துகள் தோன்றியபடி வளைகின்றன, வாசல்களில் பூந்தொட்டிகள், துணி காயும் கொடிகள். கப்பல் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. முதலில் விசாரணைத் தலைவர் மாளிகை. 1574 முதல் நெப்போலியன் வரும்வரை ரோமிலிருந்து நியமனமாகி வந்த சமய விசாரணை அதிகாரிகள் வாழ்ந்த இடம். அவர்களில் இருவர், ஃபாபியோ கீஜியும் அந்தோனியோ பிஞ்ஞத்தெல்லியும், பின்னாளில் போப்பாண்டவர்கள் ஆனார்கள். மேல்மாடியில் விசாரணைக் கூடம். பின்புறம் சிறை அறைகள். சுவரில் கைதிகள் கீறிய கப்பல்களும் சிலுவைகளும் பெயர்களும் அப்படியே இருக்கின்றன. மென்மையான கல் ஆதலால் கீற எளிது. சுவர் அவ்வளவு மென்மை என்றால் சுரண்டியே வெளியே போயிருக்கலாமே என்று கணவர் கேட்டார். அப்படித் தப்பியவர்களும் உண்டு என்றும், அதற்காகவே சுவர்களைப் பிறகு பலப்படுத்தினார்கள் என்றும் அங்கிருந்த காவலர் சொன்னார்.

அடுத்து புனித லாரன்ஸ் கோயில். வலெட்டாவின் பேராலயம் எழும்வரை சபையின் தலைமைக் கோயில் இதுவே. பக்கத்துச் சிறு செபக்கூடத்தில் லா வலெத்தின் தொப்பியும் வாளும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் வெற்றிக்காக அவருக்கு அனுப்பிய பொன்வேலை செய்த வாளும் குத்துவாளும் இங்கே இல்லை. நெப்போலியன் எடுத்துப் போனவற்றில் சேர்ந்து இன்று லூவ்ரில் இருக்கின்றன. இங்கே இருப்பது போரில் பிடித்த சாதாரண வாள். பார்க்க வேண்டியது இதுதான் என்று தோன்றும். எழுபது வயதில் ஒருவர் இதைத் தூக்கிக்கொண்டு உடைந்த மதிலருகே போய் நின்றிருக்கிறார்.

ஆஞ்செலோ கோட்டை பிர்குவின் நுனியில் இருக்கிறது. ஏறும் சரிவு நீளம். மனைவி பாதியில் ஒரு திண்டில் உட்கார்ந்துகொண்டு கணவரை மட்டும் அனுப்பினார். மேலேயிருந்து அவர் பார்த்தது காலையில் பார்த்த அதே துறைமுகம், எதிர்ப்பக்கத்திலிருந்து. பாரக்காவின் வளைவுகள் உச்சியில் வரிசையாகத் தெரிந்தன. காலையில் அங்கிருந்து பார்த்தபோது இந்தக் கோட்டை வலுவாகத் தோன்றியது. இங்கிருந்து அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்த மேட்டில் எதிரியின் பீரங்கி இருந்தால் என்ன ஆகும் என்பது உறைக்கிறது. செப்டம்பர் 7 அன்று சிசிலியிலிருந்து உதவிப்படை வந்து இறங்கியிராவிட்டால் முற்றுகையின் முடிவு வேறாக இருந்திருக்கலாம். ஒட்டோமான் படை மறுநாள் பின்வாங்கத் தொடங்கியது. செப்டம்பர் 8 மால்டாவில் இன்றும் பொது விடுமுறை. கோட்டையின் மேற்பகுதியை 1998இல் மால்டா அரசு ஓர் ஒப்பந்தத்தின் மூலம் யோவான் சபைக்கே 99 ஆண்டுக்கு விட்டுக்கொடுத்தது. நெப்போலியன் துரத்தியவர்கள் வாடகைதாரர்களாகத் திரும்பி வந்திருக்கிறார்கள். வல்லூறு கேட்டார்களா என்பது பலகையில் இல்லை.

நான்கு மணிப் பீரங்கி எதிர்க்கரையில் வெடித்தபோது இருவரும் பிர்கு கடலோரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் புகை எழுந்தது. ஒலி சற்றுப் பொறுத்து வந்தது. தூரத்தைக் கணவர் அந்த இடைவெளியைக் கொண்டு மனக்கணக்காகப் போட்டுச் சொன்னார். அருகில் விடுதலை நினைவுச்சின்னம்: 1979 மார்ச் 31 அன்று கடைசிப் பிரிட்டிஷ் படை இங்கிருந்துதான் கிளம்பியது. நாடு விடுதலை பெற்றது 1964இல் என்றாலும் கடற்படைத்தளம் அதுவரை நீடித்தது. போர்ம்லாவிலிருந்து கிளம்பும் பயணியர் படகில் லாஸ்காரிஸ் திரும்பி, பிந்தோ துறைக்கு நடந்தார்கள். கப்பல் அட்டையை வாயிலில் காட்ட வேண்டும். பையை ஊடுகதிர்ப் பொறியில் வைக்க வேண்டும். வாங்கிய மது ஏதாவது இருந்தால் பயணம் முடியும்வரை கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். இவர்களிடம் இருந்தது ஒரு பின்னல்துணியும் இரண்டு கின்னிப் புட்டிகளும்.

பார்க்காமல் விட்டவை பல. ம்தீனா ஒன்று. பவோலா என்ற ஊரில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கு அடியில் குடைந்த ஹால் சாஃப்லியெனி புதைகுழி இன்னொன்று; ஒரு நாளைக்குச் சில பத்துப் பேரையே உள்ளே விடுகிறார்கள், அனுமதிச் சீட்டை வாரக்கணக்கில் முன்பே வாங்க வேண்டும் என்பதால் கரை நாளில் போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் கைகூடாது. கோசோ தீவுக்குத் தனியே ஒரு நாள் வேண்டும். வலெட்டாவில் இறங்கி ம்தீனாவுக்குப் போய் வந்தவர்கள் அன்று இரவு உணவு மேசையில் அதன் அமைதியைப் புகழ்ந்தார்கள். அவர்கள் பேராலயத்துக்குள் போகவில்லை. கரை நாளில் இரண்டும் செய்வதாகச் சொல்லும் சுற்றுலாக்கள் உண்டு. அவற்றில் பெரும்பொழுது பேருந்தில் கழியும்.

கப்பல் ஆறு மணிக்குச் சற்று முன் கயிறு அவிழ்த்தது. துறைமுகத்துக்குள்ளேயே தன்னைத் தானே சுற்றித் திரும்பி, ஆஞ்செலோவையும் எல்மோவையும் கடந்து அலைதடுப்புக்கு வெளியே வந்ததும், வழிகாட்டி மாலுமி கயிற்றேணி வழியாகத் தன் படகில் இறங்கிப் போனார். அடுத்த துறை பார்சிலோனா. நடுவே ஒரு முழுநாள் கடல்.